வெயிலில் முதிரும் சூரியத் தகடுகள்

சூரிய மின்தகட்டின் திறன் ஆய்வகத்தில் 25 டிகிரி செல்சியஸில் அளக்கப்படுகிறது. ஆனால் ராஜஸ்தானின் கோடை நண்பகலில் தகட்டினுள் உள்ள மின்கலங்களின் வெப்பநிலை 60 டிகிரியையும் கடந்துவிடுவதால், படிகச் சிலிக்கான் தகடு கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.45 சதவீதத் திறனை இழக்கிறது. மாலையில் தகடு குளிர்ந்ததும் இந்த இழப்பு நீங்கிவிடும். நீங்காத சேதமே உண்மையில் கவலைக்குரியது. கண்ணாடிக்கும் மின்கலத்துக்கும் இடையே ஒட்டுப்பொருளாக இடப்படும் எத்திலீன் வினைல் அசெட்டேட் என்னும் பிளாஸ்டிக், வெப்பத்திலும் புறஊதாக் கதிரிலும் மெல்ல மஞ்சளாகி, பின்னர் பழுப்பேறி ஒளியைத் தடுக்கிறது; கடலோர ஊர்களில் பின்புறத் தாள் வழியே ஈரம் கசிந்தால், அதே பொருள் சிதைந்து, வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலத்தை வெளியிட்டு, மின்னோட்டத்தைத் திரட்டும் மெல்லிய வெள்ளிக் கோடுகளை அரிக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் இணைந்து நாடெங்கும் நடத்திய கள ஆய்வுகள், வெப்பமான பகுதிகளில் தகடுகள் விரைவாகத் தேய்வதைக் காட்டின.

படிகமல்லாத சிலிக்கானால் ஆன மென்படலத் தகடோ வேறு இயல்புடையது. ஒளிபட்ட தொடக்க மாதங்களில் அதன் திறன் கணிசமாகக் குறைகிறது. 1977-இல் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் கண்டறிந்த இந்த விளைவு வெப்பத்தால் ஓரளவு மீள்வதால், அத்தகடு குளிர்காலத்தைவிடக் கோடையில் நன்கு உழைப்பதுண்டு. ஈரம் மிகுந்த கடலோரத்துக்கோ, பின்புறமும் கண்ணாடி பதித்த தகடுகளே பெரிதும் பொருத்தமானவை.