இருக்கிற பக்கத்தைத் திருத்தினாலே போதுமுங்க! கூகுள் தேடலில் நம் பொருள் கண்ணில் பட...



பொருள் தயாரிக்கும் குழுக்களில் பலர் இப்போது சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறோம். யாரோ ஒருவர் செய்து கொடுத்தார், நாமும் பணம் கொடுத்தோம், திறப்பு விழாவும் நடத்தினோம். ஆனால் பொருளின் பெயரைப் போட்டுக் கூகுளில் தேடினால் நம்ம தளம் மட்டும் வருவதில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு போன் வரும். "மேடம், இத்தனை ஆயிரம் கட்டுங்க, ஒரே மாசத்தில் உங்களை முதலிடத்துக்குக் கொண்டு வர்றோம்!"

அந்த ஆயிரங்கள் குழுவின் பணம். வாராவாரம் சேமித்ததும், பொடி இடித்து விற்றதுமாகச் சேர்ந்த பணம். அதை எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வோம். முதலிடம் வாங்கித் தருவதாக யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டினால் மேலே வருவது விளம்பரம் மட்டும்தான். அதன் மேல் விளம்பரம் என்ற குறிப்பும் இருக்கும். பணம் தீர்ந்ததும் அதுவும் போய்விடும். மற்ற இடங்கள் விற்பனைக்கு இல்லை.

அப்படியானால் அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது? கூகுளின் மென்பொருள் ஒவ்வொரு தளமாகப் போய்ப் பக்கங்களைப் படிக்கிறது. படித்ததைத் தன் பேரேட்டில் பதிந்து வைக்கிறது. யாராவது தேடும்போது, அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பொருத்தமானதை முன்னால் வைக்கிறது. ஆகவே நம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் விஷயம்.

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போனால் விலைப் பலகையைப் பார்ப்போம். தக்காளி இன்ன விலை, சின்ன வெங்காயம் இன்ன விலை என்று இருக்கும். அந்தப் பலகையில் "இங்கு தரமான காய்கறிகள் கிடைக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நம் தளங்களில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். "எங்கள் குழுவின் சிறந்த தயாரிப்புகள்", "தரமே எங்கள் தாரக மந்திரம்". இந்த வார்த்தைகளை அடித்துப் பொருள் தேடுகிறவர் ஒருவரும் இல்லை!

கொள்ளுப் பொடி விற்கும் பக்கத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் தலைப்பு "பொருட்கள்" என்று இருக்கிறது. கீழே ஒரு படம், அதன் கீழே "விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்". இவ்வளவுதான். முதல் வேலையாகத் தலைப்பை மாற்றுங்க. "கொள்ளுப் பொடி, 200 கிராம் – கோவை மகளிர் குழுத் தயாரிப்பு" என்று இருந்தால் தேடுகிறவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பத்துப் பொருளையும் ஒரே பக்கத்தில் கொட்டினால் எதுவும் தனியாகத் தெரியாது.

அடுத்து, வாங்குகிறவர் நேரில் வந்தால் என்னவெல்லாம் கேட்பாரோ அதையெல்லாம் எழுதுங்க. என்ன எடை, என்ன விலை, காரம் எப்படி, பூண்டு சேர்த்ததா சேர்க்காததா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், சாதத்துக்கா இட்லிக்கா, வெளியூருக்குக் கூரியரில் வருமா, உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்ன. இதையெல்லாம் நம் உறுப்பினர்கள் கண்காட்சி ஸ்டாலில் நின்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறார்கள். அதையே எழுத்தில் போட வேண்டியதுதான். தளம் செய்து கொடுப்பவருக்கு இந்த விவரம் தெரியாது, அவர் பொடி இடித்தவர் இல்லை. எழுத வேண்டியது நாம்தான்.

வார்த்தை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நாம் இலக்கணப்படி "கொள்ளுப் பொடி" என்று எழுதுவோம். தேடுகிறவர் "ப்" போடாமல் "கொள்ளு பொடி" என்று அடிப்பார். சிலர் அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். வடநாட்டுக்காரர் ஹார்ஸ் கிராம் என்றோ குல்தி என்றோ தேடுவார். நாம் சந்தகை என்போம், வெளியூரில் அதை இடியாப்பம் என்று தேடுவார்கள். ஊர்ப் பெயரும் இப்படித்தான். கோவை என்பார் ஒருவர், கோயம்புத்தூர் என்பார் இன்னொருவர். ஆர்.எஸ்.புரத்தை இரத்தினசபாபதிபுரம் என்று முழுதாக அடிப்பவர் யாருமில்லை என்றாலும், அதையே புள்ளி வைத்தும் வைக்காமலும், தமிழிலும் ஆங்கிலத்திலும் அடிக்கிறார்கள். கூகுள் இதில் பலவற்றைத் தானே புரிந்துகொள்ளும். ஆனாலும் வழக்கத்தில் உள்ள பெயர்களை வாக்கியத்துக்குள் ஒருமுறை இயல்பாகச் சேர்த்துவிடுவது நல்லது.

ஒருமுறை போதும். "கொள்ளுப் பொடி கொள்ளுப் பொடி" என்று ஐம்பது தடவை நிரப்பினால் அதைக் கூகுள் ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொள்ளும். இன்னும் சிலர் பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் "கீவேர்ட்" போடுகிறோம் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். அந்தக் கீவேர்ட் குறிப்பை வரிசைப்படுத்துவதற்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இதற்கெல்லாம் பணம் தர வேண்டாமுங்க.

ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருட்களுக்குத் தேடலில் தனி மவுசு உண்டு. பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. அதற்காக, வேறு ஊரில் நெய்ததைப் பவானி ஜமக்காளம் என்று பக்கத்தில் எழுதிவிடக் கூடாது. சட்டப்படி அது தப்பு. அதே போலத்தான் "சர்க்கரை நோய் குணமாகும்", "பத்தே நாளில் எடை குறையும்" என்று எழுதுவதும். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. உடல்நலம் பற்றிய பக்கங்களைக் கூகுளும் கூடுதல் கண்டிப்போடுதான் பார்க்கிறது.

பழைய எழுத்துரு என்ற பூட்டு

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை டி.டி.பி. சென்டரிலிருந்து வாங்கி அப்படியே தளத்தில் ஏற்றியிருப்பார்கள். நம் கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும். உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் இருக்கும். கூகுள் படிப்பது உள்ளே இருப்பதை. பக்கத்தில் அருமையாக எழுதியிருந்தும் தமிழில் தேடுகிறவருக்கு அது வரவே வராது.

இதைச் சோதிக்கப் படிப்பெல்லாம் தேவையில்லை. பக்கத்திலிருந்து ஒரு வரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க. தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, கவலை இல்லை. கன்னாபின்னா என்று வந்தால் மாற்றியாக வேண்டும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பிழை திருத்த வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறிப் போவது சகஜம்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த ஜூன் 23-ஆம் தேதியிட்ட அரசாணையில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் செய்த பக்கங்கள் ஏதாவது உங்களிடம் இருந்தால் முதலில் அவற்றைச் சோதித்துவிடுங்க. அதைவிடக் கொடுமை, நோட்டீஸைப் போட்டோ எடுத்து அப்படியே பக்கமாக ஏற்றுவது. விலையும் விவரமும் படத்துக்குள்ளே மாட்டிக்கொள்ளும். எழுத்தை எழுத்தாகவே போடுங்க. படத்துக்குப் பின்னாலும் "200 கிராம் கொள்ளுப் பொடி பாக்கெட்" என்று விளக்கம் சேர்க்க இடம் உண்டு, தளம் செய்பவரிடம் கேட்டால் காட்டுவார். போட்டோக்களின் அளவையும் குறைத்து ஏற்றச் சொல்லுங்க. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு.

சாவி யார் கையில்?

திருத்தும்போது பக்கத்தின் முகவரியை மாற்றாதீங்க. பழைய முகவரி பேரேட்டில் ஏறியிருக்கும், அதை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்க.

அதைவிட முக்கியம், தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பது. பல இடங்களில் அது செய்து கொடுத்தவரின் பேரில் இருக்கும். அவர் புதுப்பிக்காமல் விட்டால், நாம் சேர்த்த நல்ல பெயரெல்லாம் அதோடு போச்சு. கூட்டமைப்பின் பேரில், கூட்டமைப்பின் மின்னஞ்சலில், புதுப்பிக்கும் தேதியோடு தீர்மான நோட்டில் ஏற வேண்டிய விஷயம் இது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியும் கணக்கும் அப்படியே. அந்தக் கணக்கோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த சிறு இணையதளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் பாக்கெட்டில் அச்சிட்ட முகவரியை மாற்ற வேண்டி வந்தது. வரைபடப் பதிவு இன்றும் இலவசம்தான், கட்டாயம் செய்யுங்க.

"நூறு தளங்களிலிருந்து உங்களுக்கு இணைப்பு வாங்கித் தருகிறோம்" என்பது இன்னொரு வியாபாரம். நம்பகமான தளம் ஒன்று நம்மைச் சுட்டினால் கூகுள் அதை மதிக்கும், உண்மைதான். விலைக்கு வாங்கிய இணைப்புகளை 2012-லிருந்தே கூகுள் கடுமையாகக் கவனித்து வருகிறது.

இனி, செய்த வேலைக்குப் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கூகுள் சர்ச் கன்சோல் என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. எந்த வார்த்தையை அடித்தவருக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். பல பேருக்குக் காட்டியும் யாரும் உள்ளே வரவில்லை என்றால் தலைப்பு சரியில்லை என்று சந்தேகப்படலாம். நாம் நினைக்காத வார்த்தை ஒன்று அங்கே இருந்தால், அதற்கான பதிலைப் பக்கத்தில் சேர்க்கலாம். தினமும் பார்த்து மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம். சில மாற்றம் சில மணி நேரத்தில் தெரியும், சிலதுக்கு மாதக் கணக்கில் ஆகும்.

எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. அதிகம் விற்கிற ஒரு பொருளின் பக்கத்தை முதலில் எடுங்க. அடுத்த குழுக் கூட்டத்தில், ஸ்டாலில் நிற்கும் அக்காவைச் சொல்லச் சொல்லி, கல்லூரி படிக்கும் பிள்ளை ஒன்றை உட்கார வைத்து அடிக்கச் சொல்லுங்க. திருத்திய தேதியையும், அன்றைக்குக் கன்சோலில் இருந்த எண்ணிக்கையையும் நோட்டில் குறித்து வையுங்க. மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவது பக்கத்துக்குப் போகலாம்.