உங்களுக்குத் தெரியுமா? புள்ளிக்கு வலப்பக்கம்

கோலா கெத்தில் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு டயர் பெயர்கள் புதிதல்ல. பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர் இரண்டும் இப்போது இணைய முகவரியின் வாலாகவும் இருக்கின்றன. டாட் காம் இருக்கும் இடத்தில் டாட் குட்இயர்!

வால் மலிவு இல்லை. 2012இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒரு பெயருக்குக் கேட்ட கட்டணம் 185,000 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சம் வெள்ளிக்கு மேல். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. காசு கட்டி வாங்கிய டாட் மெக்டொனால்ட்ஸை 2017இல் அந்த நிறுவனமே விட்டுவிட்டது.

‘குட்இயர்’ என்று மட்டும் தட்டினால் அகப்பக்கம் திறக்குமா? திறக்காது. இன்றைய உலாவிகளில் முகவரிப் பெட்டிதான் தேடல் பெட்டியும். புள்ளி இல்லாத சொல்லைக் கண்டால் தேடப் போய்விடும். டாட் சர்ச் பெயரைப் புள்ளியே இல்லாமல் இயக்க 2013இல் கூகுள் அனுமதி கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐகேன் அத்தகைய முகவரிகளுக்குத் தடை போட்டது. காரணம், அலுவலகங்களில் ‘மெயில்’ போன்ற ஒற்றைச் சொற்கள் உள்கணினிகளின் பெயராக இருக்கும். அதே சொல் வாலாகவும் இருந்து இரண்டும் மோதினால் கடிதம் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

வாலைப் பார்த்து உலாவி நடந்துகொள்ளும் இடமும் உண்டு. டாட் ஆப், டாட் டெவ் இரண்டும் கூகுளுடையவை. இவற்றில் முடியும் அகப்பக்கத்தைப் பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் குரோம் திறக்காது.

வங்கிகளின் வாலைப் பற்றித் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா, டாட் எஸ்பிஐ வாங்கித் தன் இணைய வங்கியை அங்கே கொண்டுபோனது. அந்த வாலில் வேறு யாரும் முகவரி பதிய முடியாது. மோசடிக்காரனுக்கு அங்கே கடை போட இடமில்லை. ஆனால் 2025இல் இந்திய ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு வாலை மனப்பாடம் செய்வதைவிட எல்லாவற்றுக்கும் ஒரே வால் நல்லது என்பதே என் கட்சியும்.

நம் ஊரில் வங்கியின் பெயரில் குறுஞ்செய்தி வந்தால், அதிலுள்ள முகவரியில் https:// நீங்கலாக முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து படியுங்கள். தொடக்கத்தில் எந்த வங்கியின் பெயரையும் எவனும் ஒட்டிவிடலாம்.

தமிழிலும் வால் உண்டு. 2007இல் ஐகேன் 11 மொழிகளில் சோதனை நடத்தியபோது தமிழுக்குத் தரப்பட்ட முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. பிறகு .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் மூன்றும் வந்தன. மலேசியாவுக்கு டாட் மை தவிர ஜாவி எழுத்தில் ஒன்று இருக்கிறது, தமிழில் இல்லை. நாட்டுப் பெயரை வாலாகப் பெற, அந்த மொழி அந்நாட்டில் அதிகாரபூர்வ மொழியாக இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை லட்சம் வெள்ளி வைத்திருந்தாலும் இதைக் காசுக்கு வாங்க முடியாது.