குழலுக்குள் கிடக்கும் மருந்து

காரைநகரிலிருந்து ஊர்காவற்துறைக்குப் பாதைப் படகில் போகும்போது கடலின் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. எதிரிக் கப்பல் எந்த நேரமும் வரலாம் என்றிருந்த அந்தக் காலத்தில், கரையோரப் பீரங்கிகளுக்கு மருந்தும் குண்டும் ஏற்றியே வைப்பதுண்டு. மழையும் உப்புக்காற்றும் புகாதபடி வாயை மரக்கட்டையால் அடைத்து, திரித்துளையை ஈயத் தகட்டால் மூடுவார்கள். ஆபத்து நீங்கிய பிறகு உள்ளே கிடந்த மருந்தை யார் இறக்கினார்கள் என்பது எல்லா ஊரிலும் எழவேண்டிய கேள்வி.

2013 ஜனவரியில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் பழைய பீரங்கி ஒன்றைத் துருப் போகத் துப்புரவு செய்தார்கள். 1780இல் மூழ்கிய ‘ஹசார்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலுடையது அது. வாயடைப்பை எடுத்துப் பார்த்தால் உள்ளே குண்டு, அடைப்பு, ஏறக்குறைய 800 கிராம் கருமருந்து! அதற்குமுன் பல ஆண்டுகள் அது பொதுமக்கள் பார்வைக்கு நின்ற பீரங்கி. பொலிஸார் வந்து மருந்தை இறக்கினார்கள்.

கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். மூன்றும் தனித்தனியே கெட்டுப்போகாத பொருட்கள். ஈரம் படாவிட்டால் கலவையும் கெடாது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் வெடியுப்பிலேயே இருக்கிறது. அதனால் குழலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் மருந்து அணைந்துபோகாது. அடைப்பு இறுக இறுக வெடிப்பின் வேகம்தான் கூடும். ‘பழைய மருந்து, செத்துப்போயிருக்கும்’ என்று எங்கள் பக்கத்தில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு வேதியியலில் இடமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று 2008இல் வர்ஜீனியாவில் வெடித்து, அதைத் துப்புரவு செய்த சேகரிப்பாளரின் உயிரைப் பறித்தது. போர் முடிந்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பீரங்கியை விட்டு வீட்டுக்கு வருவோம். வன்னியில் இன்றும் பேசப்படும் இடியன் துவக்கு இதே இனத்தது. வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பையோ துணியையோ வைத்துக் கோலால் இடித்து, சன்னத்தைப் போட்டு மீண்டும் இடிப்பார்கள். ஏற்றுவது எளிது, இறக்குவதுதான் பெரும்பாடு. நுனியில் திருகாணி உள்ள கோலைக் குழலுக்குள் விட்டு, அடைப்பைக் குத்திப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பஞ்சிப்பட்டு, காட்டிலே ஒன்றும் அகப்படாவிட்டால் ஏற்றியது ஏற்றியபடி வீட்டுக்குக் கொண்டுவந்து கூரைமுகட்டில் செருகிவிடுவார்கள். மேலேயுள்ள தொப்பியை, அதாவது பொறி எழுப்பும் சிறு செப்புக் கிண்ணத்தை, கழற்றிவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அது பாதிப் பாதுகாப்புக்கூட இல்லை. மருந்தும் சன்னமும் குழலுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு தீப்பொறி வந்தால் முடிந்தது.

ஏற்றிய குழலையும் வெறுங்குழலையும் வெளியே பார்த்துப் பிரிக்க முடியாது. 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பேர்க் போர்க்களத்தில் பொறுக்கியெடுத்த 27,574 துவக்குகளில் சுமார் 24,000 ஏற்றப்பட்டே கிடந்தன. அவற்றில் ஏறக்குறைய 12,000 துவக்குகளில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வெடி. ஒன்றில் மட்டும் இருபத்துமூன்று! ஏற்றியவனுக்கே நினைவு தப்பியிருக்கிறது. பழைய வேட்டைக்காரர் இடிகோலையே அளவுகோலாக்குவர்: வெறுங்குழலில் அடிமுட்டக் கோலை விட்டு, வாயோரம் வரும் இடத்தில் ஒரு கீறல் போட்டுவைப்பர். பிறகு எப்போது விட்டாலும் அந்தக் கீறல் வாய்க்கு மேலே நின்றால், உள்ளே வெடி இருக்கிறது.

தோட்டாத் துவக்கில் இறக்குவது நொடி வேலை. குழலை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தால் சரி. அதனாலேயே ஏற்றியபடி வைத்திருப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. தோட்டாவின் அடியில் இருக்கும் வெடிதொப்பி அடி பட்டால் பற்றுவதற்கென்றே செய்தது. ஸ்கொட்லாந்தின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டைக்காரர். சக்கிமுக்கித் துவக்கில் முதலில் எழும் வெளிச்சத்தைக் கண்டு பறவைகள் தப்புகின்றன என்ற குறையில்தான் அடிபட்டால் வெடிக்கும் மருந்தைத் துவக்கோடு பொருத்தி, 1807இல் காப்புரிமை பெற்றார். குதிரை, அதாவது ஊசியை அடிக்கும் சுத்தி, வெளியே தெரியும் பழைய இரட்டைக்குழல் துவக்குகள் சிலவற்றில், குதிரை நேரே ஊசியின் மேல் படிந்திருக்கும். அப்படியான துவக்கு கை தவறிக் குதிரைப் பக்கமாக விழுந்தால், விசையை யாரும் தொடாமலே வெடிக்கலாம்.

நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் சன்னல் கம்பியே துருவேறும்போது சுடுகுழல் என்ன பாடுபடும்! கருமருந்து எரிந்த சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை உள்ளிருந்தே அரிக்கும். காகித உறைத் தோட்டா ஈரத்தில் பருத்துக் குழலுக்குள் இறுகிவிடும். அதைக் குச்சியால் தட்டி எடுக்கப்போய் விபரீதம் நேரும். பித்தளை உறைக்கு வேறொரு பகை. பிரித்தானிய இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே கீறல் விட்டன. மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, இழுவிசையில் இருக்கும் பித்தளையைப் பிளக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. தோட்டாவை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைப்பவர் கவனிக்க வேண்டிய சங்கதி.

வீடு தீப்பற்றினால் வேறுபாடு இன்னும் வெளிப்படும். பெட்டியில் தனியே கிடக்கும் தோட்டா சூட்டில் வெடித்தாலும், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கக் குழல் இல்லாததால் உறை கிழிந்து, சன்னம் வேகமின்றிச் சிதறும். ஏற்றிய துவக்கில் அதே தோட்டா முழு வேகத்தோடு சுடும், குழல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில். நெருப்பை அணைக்க ஓடிவரும் அயலவர் அங்கே நிற்கலாம்.

பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2001இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை இருவர் மூவராக 29 குழுக்களாக்கி, மேசை இழுப்பறைக்குள் சுடமுடியாதபடி செய்த உண்மையான கைத்துப்பாக்கி வைத்த அறையில் விட்டார்கள். 21 குழுக்கள் கண்டுபிடித்தன, 16 கையில் எடுத்தன, 10 குழுக்களில் விசை இழுக்கப்பட்டது. எடுத்தவர்களில் பெரும்பாலானோர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றி ஏதோவொரு பாடம் ஏற்கெனவே கேட்டவர்கள். ‘என்ர பிள்ளை சொல்லுக் கேப்பான்’ என்ற நம்பிக்கையில் துவக்கை மூலையில் சாத்திவைக்க வேண்டாம். துவக்கை வெறுங்குழலாகப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி, திறப்பைப் பெரியவர் ஒருவர் தம் கையில் வைத்திருக்க வேண்டும். 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு, துவக்கை வெறுங்குழலாக வைப்பது, பூட்டுவது, தோட்டாவை வேறிடத்தில் வைப்பது, அதையும் பூட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் பிள்ளைகளின் சாவையும் காயத்தையும் குறைப்பதோடு தொடர்புடையது என்று காட்டியது. தற்கொலைகளும் இதில் அடக்கம்.

பயிர்க்காவலுக்குப் போகிறவர் பரணில் ஏறும்போதும், வேலி கடக்கும்போதும், உழவு இயந்திரப் பெட்டியில் துவக்கைப் போடும்போதும் தோட்டாவை எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. மேலே இருப்பவர் குழலைப் பிடித்துத் துவக்கை இழுத்தெடுப்பதுதான் கூடாது. விசை கொப்பில் மாட்டினால் வெடி நேரே அவர் நெஞ்சுக்கு.

ஏற்றி வைத்துவிட்டு ஆள் இல்லாமல் விட்டுப்போகும் துவக்கின் மிகக் கொடிய வடிவம் கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் விசையோடு ஒரு நூலைக் கட்டிவிடுவார்கள். இலங்கையில் இது சட்டவிரோதம். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதரைக் காலில்தான் அடிக்கும். நம் நாட்டு மருத்துவர்கள் எழுதிய அறிக்கைகளிலும் காயங்கள் பெரும்பாலும் காலிலேயே. விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், சில நேரம் கட்டியவரே அகப்படுகிறார். சன்னத்தோடு அடைப்புத் தும்பும் மண்ணும் உடுப்பின் நூலும் தசைக்குள் புகுவதால் புண் சீழ்ப்பிடிக்கும். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். சன்னத்தைத் தோண்டி எடுக்கப் பார்க்கக்கூடாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டத்தின்படி உரிமம் ஆண்டுதோறும் டிசம்பர் 31 வரைக்குமே. 2024இல் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கெனக் கொடுத்த துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்காக வெலிசற கடற்படை முகாமில் ஒப்படைக்கச் சொன்னது.

போரில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்து வீடு திறப்பவர்கள் தீவுப்பகுதியில் நிறைய. முகட்டில் தாத்தாவின் துவக்கோ, கிணறு இறைக்கும்போது துருப்பிடித்த வெடிபொருளோ கண்ணில் பட்டால், தூக்கிப் பார்க்கவோ, மண்ணெண்ணெய் ஊற்றித் துருக்கழுவவோ, கடலில் எறியவோ கூடாது. விலகி நின்று 119க்கு அறிவிக்க வேண்டும். வெடிபொருள் என்றால் பொலிஸார் நீதிமன்ற அனுமதி பெற்று, விசேட அதிரடிப்படையினரைக் கொண்டு செயலிழக்கச் செய்வது வழமை. அதற்கு ஓரிரு நாள் பிடிக்கலாம். அதுவரை பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.