நகோயாவுக்கு முன் ஒரு சீசன் வேண்டும்

ஜப்பானின் ஐச்சி மாகாணத்திலும் நகோயா நகரிலும் 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை நடைபெறவிருக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ‘கிரான் டூரிஸ்மோ 7’ என்னும் கார்ப் பந்தய ஆட்டம் மின்விளையாட்டுப் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. 2023இல் ஹாங்சோவில் மின்விளையாட்டுகளுக்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கப்பட்டபோது இருந்த ஏழு ஆட்டங்களில் கார்ப் பந்தயம் ஒன்றுகூட இல்லை என்பதால், சிம் ரேசிங் எனப்படும் இந்தக் கலைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் மேடையில் இதுவே முதல் வாய்ப்பு. சென்னைத் திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறையொன்றில் ஸ்டியரிங்கை மேசையில் திருகிப் பொருத்திவிட்டு ஓட்டிப் பழகும் இளைஞனும், ஏட்டளவிலேனும், அந்த மேடைக்குத் தகுதியுடையவனே. அவனுக்கு இன்று குறைவாக இருப்பது திறமையோ கருவியோ அல்ல, ஒழுங்காக நடத்தப்படும் ஒரு சீசன்.

சிம் ரேசிங்கை வெறும் வீடியோ கேமிலிருந்து பிரிப்பது அதன் அடியில் இயங்கும் இயற்பியல் கணக்கு. டயர் சூடேறுவதும் தேய்வதும், எரிபொருள் குறையக் குறைய வண்டியின் எடை குறைவதும், முன்னால் செல்லும் கார் காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் அனுகூலமும் நொடிக்குப் பலநூறு முறை கணக்கிடப்படுகின்றன. உண்மையான பந்தயத் தடங்களை லேசர் கருவியால் அளந்து, சாலையின் மேடுபள்ளங்களைக்கூட அப்படியே கணினிக்குள் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அந்த மேடுபள்ளங்களை ஸ்டியரிங்குக்குள் இருக்கும் மோட்டார் ஓட்டுநரின் கைகளுக்கு எதிர்விசையாகத் திருப்பித் தருகிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது இதுதான். இந்தியத் தடங்களில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடம் 2011 முதல் 2013 வரை வெளிவந்த ஃபார்முலா 1 ஆட்டங்களில் இடம்பெற்றது; அங்கு உண்மையான ஃபார்முலா 1 பந்தயம் நின்றுபோனதும் ஆட்டத்திலிருந்தும் அது மறைந்துவிட்டது.

சென்னைக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தி, பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைத்தது. திருவல்லிக்கேணிக்கு மிக அருகே பந்தயம் வந்தது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில்தான்: மிக்ஜாம் புயலால் முந்தைய டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்ட ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக 3.5 கிலோமீட்டர் நீளமும் 19 திருப்பங்களும் கொண்ட தடத்தில் நடந்தது. அரசுப் பணம் இதற்குச் செலவாவது சரியா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்றது. சேப்பாக்கத்துப் பிள்ளைகள் இரும்புவேலிக்கு வெளியே நின்று இயந்திர ஓசையைக் கேட்டதோடு சரி. அந்தக் காரில் உட்கார ஒரு சீசனுக்குப் பல இலட்சங்கள் வேண்டும்.

சிம் ரேசிங்கில் அந்தச் சுவர் தாழ்ந்திருக்கிறது, ஆனால் இடிந்துவிடவில்லை. கிரான் டூரிஸ்மோ 7 பிளேஸ்டேஷனில் மட்டுமே ஓடும். ஐரேசிங் போன்ற பிற தளங்களுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியும் சந்தாவும் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை நடந்தே போய் ரிச்சி தெருவில் விலை பேசி வாங்கிவிடலாம் என்பது திருவல்லிக்கேணிவாசிக்கு உள்ள தனி வசதி. வாங்கி வந்த பிறகுதான் வேறு வகைச் சிக்கல் தொடங்குகிறது. நல்ல பிரேக் பெடல், எவ்வளவு தூரம் மிதிபடுகிறது என்பதைவிட எவ்வளவு பலமாக மிதிபடுகிறது என்பதையே அளப்பதால், ஒவ்வொரு திருப்பத்திலும் கால் அதை உதைத்துத் தள்ளுகிறது; வழுவழுப்பான மொசைக் தரையில் பெடல் முன்னே நகர, சக்கரம் வைத்த நாற்காலி பின்னே ஓடுகிறது. பெடலைச் சுவரோடு முட்டவைத்து, நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அல்லது பழைய டயர்த் துண்டை அடியில் செருகிச் சமாளிக்கிறார்கள். நள்ளிரவில் இந்த உதை கீழ்த்தளத்துக்காரரின் தூக்கத்தையும் கெடுக்கும்.

நள்ளிரவு என்பதற்குக் காரணம் உண்டு. பெரிய லீக்குகள் பல ஐரோப்பிய நேரப்படி இயங்குவதால், இலண்டனில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் பந்தயம் சென்னையில் கோடைக்காலத்தில் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும் தொடங்குகிறது. தூக்கத்தைத் தியாகம் செய்தாலும் தூரத்தை வெல்ல முடிவதில்லை. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஐரோப்பாவுக்கான கடலடிக் கம்பிவடம் 10,000 கிலோமீட்டருக்கும் நீளமானது என்பதால், ஒரு செய்தி போய்த் திரும்பக் குறைந்தது நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் ஐந்தரை மீட்டர் நகர்ந்துவிடும், அதாவது ஒரு காரின் முழு நீளத்தையும் விஞ்சிவிடும். பக்கத்தில் ஓடும் கார் எங்கே இருக்கும் என்று மென்பொருள் ஊகித்துத்தான் திரையில் காட்டுகிறது. ஊகம் தவறும்போது, தொடாத கார்களும் மோதிக்கொள்கின்றன. 2002இல் இயங்கத் தொடங்கிய சென்னை–சிங்கப்பூர்க் கம்பிவடம் சுமார் 3,200 கிலோமீட்டர்தான் என்பதால், சிங்கப்பூரில் சர்வர் இருந்தால் அதே பிழை இரண்டு மீட்டருக்குள் அடங்கும். சென்னையிலேயே இருந்தால் பேச்சே இல்லை.

சீசன் என்னும் அமைப்பின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஐரேசிங்கில் ஒரு சீசன் என்பது 12 வாரங்கள். வாரத்துக்கு ஒரு தடம். தடத்தை விட்டு விலகினால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2, மற்றொரு காரின்மீது பலமாக மோதினால் 4 எனத் தவறுப்புள்ளிகள் சேர்கின்றன. இவை குறைவாக இருந்தால்தான் உரிமத்தின் படிநிலை உயரும். மோதலில் யார் குற்றவாளி என்று அந்தக் கணினி ஆராய்வதில்லை, இருவர் கணக்கிலும் எழுதிவிடுகிறது. அநியாயமாகத் தோன்றும் இந்த விதிதான், பிறர் தவறையும் முன்கூட்டியே உணர்ந்து ஒதுங்கும் பழக்கத்தை ஓட்டுநரிடம் வளர்க்கிறது. நம் சாலைகளிலும் இப்படியொரு கணக்கு இருந்தால் அண்ணா சாலை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். கிரான் டூரிஸ்மோவும் வேகத்துக்கு ஒன்று, நன்னடத்தைக்கு ஒன்று என இரண்டு மதிப்பீடுகளை வைத்திருக்கிறது. நல்ல லீக்குகளில் இதற்கு மேலும் ஸ்டீவார்டுகள் எனப்படும் நடுவர்கள் பந்தயப் பதிவை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்து, புகார்களை விசாரித்து, நேரத் தண்டனை விதிக்கிறார்கள். சம்பளமில்லாத இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது எளிதல்ல.

ஒழுங்காக நடந்த போட்டிகள் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2011இல் கிரான் டூரிஸ்மோ ஆட்டக்காரர்களுக்கான ஜிடி அகாடமி போட்டியில் வென்ற ஜான் மார்டன்பரோ உண்மையான பந்தயக்காரரானார். சிம் ரேசிங்கிலிருந்து வந்த கிறிஸ் லுலம், 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனோடு ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டி வென்றார்.

வீட்டில் ‘கேம்’ என்றாலே பணம் கட்டி ஆடும் ரம்மியை நினைத்து அஞ்சும் பெற்றோருக்குச் சட்டம் ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டை அவற்றிலிருந்து பிரித்து அங்கீகரிக்கிறது. நுழைவுக் கட்டணமும் பரிசுத்தொகையும் இருக்கலாம், பந்தயப் பணம் கட்டுவது மட்டும் கூடாது.

நகோயாவில் எல்லோரும் ஒரே அரங்கில் அமர்ந்து ஓட்டுவார்கள் என்பதால் கம்பிவடத் தூரம் அங்கே ஒரு பொருட்டல்ல. வாரந்தோறும் சம பலமுள்ளவர்களோடு மோதிப் பழகியவரா என்பதே வேறுபாடாக நிற்கும். தெருப் பந்தயத்துக்குக் கை கொடுத்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதற்கும் கை கொடுக்கலாம். நேரு விளையாட்டரங்கில் ஓர் அறை, சுவரில் இறுகப் பொருத்திய பெடல்களோடு இருபது இருக்கைகள், சென்னையிலேயே ஒரு சர்வர், மாலை 7 மணிப் பந்தயம், சம்பளம் பெறும் இரண்டு ஸ்டீவார்டுகள்: சாலையை மறித்து வேலி போடத் தேவையில்லாத இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு தீவுத்திடல் பந்தயத்தின் ஓர் இரவுக்குக்கூடக் காணாது.