புளியங்கொட்டையில் போக்கர்

சீட்டுக்கட்டு என்றதுமே முகம் சுளிக்கும் வாசகர்கள் இரண்டு பக்கம் தள்ளிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் டில்லியில் குடியேறிய நமக்குச் சீட்டிலிருந்து முழுசாகத் தப்ப வழியில்லை. நம் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடும் லேகியத்தோடும் பாதி முடிந்துவிடும். இங்குள்ளவர்களுக்கோ பல நாள் முன்பிருந்தே ராத்திரிதான் பண்டிகை. வீட்டுக்கு வீடு 'தீன் பத்தி', அதாவது நம்ம மூணு சீட்டு.

போக்கர் அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். இப்போது அதிகம் ஆடப்படும் வகைக்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. இந்த ஏழில் யாருடைய ஐந்து உசத்தியோ, நடுவில் சேர்ந்தது அவருக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏறும். பிடிக்காதவர், ரம்மியில் ஸ்கூட் விடுகிற மாதிரி, சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

எங்கள் வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தவன் என் தம்பி மகன். குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை. கைபேசியில் பணம் கட்டி ஆடி, இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் விட்டிருந்தான். 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததும் அந்தக் கடை மூடியது. திருச்சியில் தம்பி நிம்மதிப் பெருமூச்சு விட்டான். பையன் விடவில்லை.

"பெரியப்பா, நாலு புஸ்தகம் படிச்சேன். அதுல போட்டிருக்கறபடிதான் ஆடினேன். எப்படித் தோத்தேன்னுதான் புரியலை."

இந்தப் புரியாமைதான் எனக்குக் கவலையாக இருந்தது. தோற்ற காரணம் புரியாதவன் மறுபடி போவான். சனிக்கிழமை ராத்திரி புஸ்தகங்களோடு வரச் சொன்னேன். நான், மனைவி, அவன், எதிர் ஃப்ளாட் மாமா மாமி, கீழ் வீட்டு சர்தார்ஜி என்று ஆறு பேர். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை.

முதல் நாளே சண்டை. தொடர்ச்சியான சீட்டு (சீக்வென்ஸ்), ஒரே ஜாதிச் சீட்டைவிட (கலர்) உசத்தி என்று சர்தார்ஜி சாதித்தார். தீன் பத்தியில் அப்படித்தான். போக்கரில் தலைகீழ். காரணம் வெறும் எண்ணிக்கை. மூன்று சீட்டில் 22,100 கைகள் உண்டு. அதில் கலர் 1,096, சீக்வென்ஸ் 720. ஐந்து சீட்டுக்குப் போனால் கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. எது அபூர்வமோ அது உசத்தி. பேப்பரில் போட்டுக் காட்டியதும் சர்தார்ஜி, வங்கியில் வேலை பார்த்தவராச்சே, சமாதானமானார்.

புஸ்தகப் பாடங்களில் எந்த மேஜையிலும் செல்லுபடியாவது இந்தக் கணக்குப் பாடம்தான். என் கையில் இரண்டு ஆர்ட்டின், நடுவில் திறந்த நாலு சீட்டில் இரண்டு ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று வந்தால் கலர். நான் பார்க்காத சீட்டு 46. அதில் ஆர்ட்டின் 9. ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. நடுவில் 40 கொட்டை இருக்க, தொடர்வதற்கு 20 போடு என்றால், ஐந்து தடவையில் நாலு தடவை இருபது இருபதாக 80 போகும். ஒரு தடவை 40 வரும். கவிழ்த்துவிட வேண்டியதுதான். நடுவில் 100 இருந்தால் அதே சீட்டுக்கு அதே 20 போடலாம். மாமி இதை இரண்டாம் வாரமே பிடித்துக்கொண்டார். கறிகாய்க்காரனிடம் தினமும் போடுகிற கணக்குதானே என்றார்.

அடுத்த பாடத்தில்தான் சிக்கல். இரண்டு ஆஸ் கையில் வருவது 221 தடவைக்கு ஒன்று. ஆரம்பச் சீட்டில் அதைவிட உசத்தி கிடையாது. ஒரே எதிராளி என்றால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். அதனால்தான் பந்தயத்தை ஏற்றிக் கூட்டத்தைக் கலை என்கிறது புஸ்தகம். எங்கள் மேஜையில் யார் கலைந்தார்கள்? புளியங்கொட்டைதானே என்று ஐந்து பேரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். ஐவரும் போகாமல் இருந்தால் அதே இரண்டு ஆஸ் ஜெயிப்பது நூற்றுக்கு 49தான். பையன் தோற்றான், முகம் தொங்கிப்போயிற்று.

டெக்சாஸ்காரர் டாய்ல் பிரன்சன் எழுதிய 'சூப்பர் சிஸ்டம்' இந்த ஆட்டத்தின் பழைய வேதம். 1976, 1977 இரண்டு வருஷமும் உலகப் போட்டியில் ஜெயித்தவர். இரண்டு தடவையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது பத்தும் இரண்டும், சாதாரண சீட்டு! விடாமல் தாக்கு, எதிராளி பயந்து ஒதுங்குவான் என்பது அவர் வழி. அவர் எதிரில் உட்கார்ந்தவர்களுக்கு இழக்கப் பணம் இருந்தது, பயமும் இருந்தது. புளியங்கொட்டைக்கு யார் பயப்படுவார்கள்? பையன் மாமியிடம் மூன்று தடவை பொய்ப் பந்தயம் கட்டினான். மூன்று தடவையும் மாமி சிரித்துக்கொண்டே "பார்த்துடலாமே" என்றார்.

என் மனைவி ஒரு வழி சொன்னாள். ராத்திரி யாரிடம் கொட்டை குறைவோ அவர் ஆறு பேர் சாப்பிட்ட பாத்திரத்தையும் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான், மேஜையே மாறிவிட்டது. மாமா சீட்டைக் கவிழ்க்க ஆரம்பித்தார். பொய்ப் பந்தயத்துக்கு உயிர் வந்தது. புஸ்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எதிரில் இருந்தவர்களின் பயம் மாறிற்று.

மைக் காரோ என்பவர் 1984-ல் முகக்குறிப்பு பற்றியே ஒரு புஸ்தகம் போட்டார். பலசாலி மாதிரி நடிப்பவன் கையில் ஒன்றும் இராது, பெருமூச்சு விடுபவனிடம் ஜாக்கிரதை என்பது சாரம். அந்நியர்களுக்கு அது உதவும். என் மனைவிக்கு நல்ல சீட்டு வந்தால், யாருக்காவது காபி வேண்டுமா என்பாள். முப்பது வருஷப் பாடம் இது. இங்கே எழுதிவிட்டேன், இனிமேல் கேட்க மாட்டாள்.

பையன் ஒரு நோட்டுப் போட்டான். ஒரு பத்தியில் முடிவு சரியா தப்பா; இன்னொன்றில் ஜெயித்தோமா தோற்றோமா. இரண்டும் ஒத்துப் போகாத வரிகள் ஏராளம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கைபேசிக் கணக்கும் பேச்சில் வந்தது. அங்கே ஜெயித்தவனிடமிருந்து கம்பெனி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஐந்து சதவீதம் என்று வைத்தால், ஆயிரம் ரூபாய் சேர்ந்த இருபது ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் ஆயிரம் ரூபாய் மேஜையை விட்டே போய்விடும். தவிர, ஸ்க்லான்ஸ்கியின் 'தியரி ஆஃப் போக்கர்', ஹாரிங்டனின் தொகுதிகள் எல்லாம் இவனுக்கு மட்டும் விற்கப்பட்டவை அல்ல. எதிரில் முகம் தெரியாமல் ஆடியவர்களும் படித்திருப்பார்கள். எல்லோரும் படித்த மேஜையில் புஸ்தகத்தின் லாபம் பூஜ்யம்; கம்பெனியின் பங்கு மட்டும் மிச்சம். அரைமணி நேரம் நோட்டைப் பார்த்தபடி பேசாமல் இருந்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அவனுக்கு ஓர் அழைப்பு. சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீடு; எட்டுப் பேர், ரொக்கம் வைத்து ஆட்டம். தம்பி திருச்சியிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான், "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோ" என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பாத்திர முறை பையனுடையது.

தோசைக்கல்லைத் தேய்த்தபடியே சொன்னான்: "என்னைத் தவிர ஏழு பேர், பெரியப்பா. ரெண்டு பேரைத்தான் தெரியும். மத்த அஞ்சு பேர் எப்போ கவிழ்ப்பா, எப்போ மாட்டான்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது."

கையைத் துடைத்துக்கொண்டு, திருச்சிக்கு டிக்கெட் இருக்கிறதா பாருங்கள் என்றான். தீபாவளி நேரத்தில் ஏது? தத்காலில் சென்னை வரைக்கும்தான் கிடைத்தது. அங்கிருந்து பஸ்.