பலாவில் வீணை, ரவையில் மிருதங்கம்: கள்ளிக்குப்பத்தில் வேன் ஏறினால் வழியெல்லாம் ஆச்சரியம், தெரியுமா?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டியில் நண்பர்களோடு ஏறி, ஊர் ஊராகச் சாப்பிட்டு, ஊர் ஊராகப் பாட்டுக் கேட்டுச் சுற்றுகிறார்களாமே அமெரிக்காவில்? அந்த யோசனைக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிவிட்டது தெரியுமா? 1885-லேயே இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற எழுத்தாளர், குதிரை இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்யச் சொல்லி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். 1910-ல் நியூயார்க் கண்காட்சியில் பியர்ஸ் ஆரோ கம்பெனி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பின் சீட்டை மடக்கினால் படுக்கை! டிரைவர் சீட்டின் முதுகிலிருந்து இழுத்தால் கைகழுவும் தொட்டி!

அது அங்கே. அப்படி ஒரு வண்டிக்கு வேண்டிய சாமான் நம் சென்னை அம்பத்தூர்ப் பக்கத்துக் கள்ளிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் என்பது தெரியுமா? பாடியில் 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டிவிஎஸ், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. ஆக சக்கரம் ரெடி, ஸ்டார்ட்டர் மோட்டார் ரெடி, பிரேக் ரெடி! டயருக்கு ஒருகாலத்தில் அம்பத்தூர் டன்லப், அது 1959-ல் வந்தது. மேலே கூடு கட்ட மட்டும் கரூர் போக வேண்டும். பஸ் பாடி கட்டுவதில் கரூரை மிஞ்ச ஆள் ஏது? ஆனால் படுக்கை வைத்த கேரவன் என்றால் நமக்கு இன்னும் சினிமா நட்சத்திரங்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பக்கத்துக் கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்துவிட்டது. நம் ஜனங்களுக்கு டூரிஸ்ட் வேன்தான் கேரவன். மேலே கேரியரில் பாய், தலையணை, அண்டா. உள்ளே ஆளுக்கொரு டிபன் கேரியர். ஒன்றே ஒன்று: சிலிண்டரை மட்டும் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் நடந்த தீ விபத்து மறக்கக்கூடியதா?

சரி, ஏறுங்கள். சென்னை பைபாஸ் மொத்தம் 32 கிலோமீட்டர். அதைப் பிடித்தால் சிட்டி டிராபிக்கில் மாட்டாமல் பெருங்களத்தூரில் போய் இறங்கலாம். அப்புறம் ஜி.எஸ்.டி. ரோடு. பித்தளை டபராவோடு ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டுகள் வரிசையாக வரும். கும்பகோணத்திலேயே இத்தனை இருக்குமா என்பது என் சந்தேகம். இருந்தாலும் விடியற்காலையில் ஒரு கடையில் நிறுத்தாமல் போக மனசு வராது.

விக்கிரவாண்டியில் திரும்பினால் பண்ருட்டி. உலகத்திலேயே மரத்தில் காய்க்கும் பெரிய பழம் பலா என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழுத்துக் கொட்டிய அதே பலாதான் தஞ்சாவூர் போய் வீணையாகிறது, மிருதங்கமாகிறது என்பது தெரியுமா? தவிலின் கட்டையும் பலா, கஞ்சிராவின் வளையமும் பலா! சீசனில் ரோட்டோரம் நிறுத்திச் சுளை வாங்கித் தின்கிறீர்களே, அதன் அக்காவோ அண்ணனோ எங்கோ ஒரு மேடையில் கல்யாணி ராகம் வாசித்துக்கொண்டிருக்கும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு. குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அதற்குப் பெயர் ஏகாண்ட வீணை.

கும்பகோணத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு நடை. இங்கே நாதஸ்வரம் செய்கிற மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் ஆகாது! பழைய வீடு இடிக்கிற இடத்தில் போய், தலைமுறை தலைமுறையாக உத்திரமாக நின்று காய்ந்த கட்டையைத்தான் தேடி வாங்குவார்கள். யாரோ ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய கட்டை, இன்னொரு குடும்பத்தின் கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு ஊதுகிறது. 2022-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது.

தவில்காரர் விரல்களில் வெள்ளையாகத் தொப்பி மாதிரி மாட்டியிருக்கிறாரே, அது என்ன தெரியுமா? துணியும் மாவுப் பசையும்! சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும். கூடு என்பார்கள். இன்னொரு கையில் இருப்பது பூவரசங்கழி. சிவாஜியும் பத்மினியும் நடித்த ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்தது. அதில் திரைக்குப் பின்னால் நிஜமாக ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தக் கோஷ்டி ரயிலில் போகிற காட்சிகளைப் பாருங்கள். வாத்தியப் பை, வெற்றிலைப் பெட்டி, கேலி, சண்டை, சமாதானம் எல்லாம் உண்டு. நாம் போகிற வேனுக்கு அது சொந்தக்காரப் படம்.

திருவையாறு! ஜனவரியில் வருகிறீர்கள் என்றால் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புஷ்ய பகுள பஞ்சமி, 1847-ல் தியாகராஜர் சமாதியான திதி. அன்றைக்குத்தான் அவருக்கு ஆராதனை. டிக்கெட் கிடையாது, காவிரிக்கரைப் பந்தலில் போய் உட்கார வேண்டியதுதான். பெரிய வித்வான் முதல் பாட்டு கிளாஸ் பிள்ளை வரை நூற்றுக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளை நாட்டையில் ஆரம்பித்து, கௌளை, ஆரபி, வராளி என்று ஸ்ரீ ராகத்தில் முடிப்பார்கள். அங்கே உள்ள சமாதிக் கோயிலைக் கட்டியவர் யார் தெரியுமா? பெங்களூர் நாகரத்னம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தன் சொத்தைப் போட்டு நிலம் வாங்கி, 1920-களில் சமாதி மேல் கோயில் எழுப்பினார். அப்போது அந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி கிடையாது! அம்மாள் விடவில்லை, பாடிக் காட்டினார். 1952-ல் மறைந்த அவர் இன்றும் அங்கேயே சிலையாகக் கைகூப்பி, தியாகராஜரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வெளியே வந்தால் கடைத்தெருவில் அசோகா அல்வா. பாசிப்பருப்பில் செய்வது. நெய் விரல் வழியே முழங்கை வரை ஓடும்.

கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் பாடகரை விடுங்கள், மிருதங்கக்காரரைக் கவனியுங்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுப்பார். உள்ளே ரவை! உப்புமாவுக்குப் போடுகிற அதே ரவைதான். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருண்டையை இடது பக்கத் தோலின் நடுவில் அப்பி, கட்டைவிரலால் வழித்து வட்டமாக்குவார். ஒரு தட்டு. முகம் சுளிப்பார். இன்னும் துளி தண்ணீர். மறுபடி தட்டு. வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி அந்த ‘தொம்’ வந்ததும்தான் சுருதி சேர்க்கிற சுத்தியலைக் கீழே வைப்பார். கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தோல் கெட்டுப்போகும். வலது பக்கக் கறுப்பு வட்டம்? அதுவும் அடுக்களைச் சரக்குதான்: ஒருவகைக் கறுப்புக் கல்லின் பொடியும் வடித்த சோறும் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து ஏற்றியது. அதன் பெயரே சாதம்! பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். அவரைப் போன்றவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மேடையில் வாசிப்பவருக்குப் பொன்னாடை, வாத்தியத்தை மூட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது என்கிற கணக்கு எனக்கு எப்போதுமே உறுத்துகிறது.

புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை. சோறு வடிக்கிற பானைக்கும் கடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே கேட்டால் சிரிப்பார்கள். ஆயிரக்கணக்கான தட்டு தட்டித்தான் கடத்தின் சுவரைக் கெட்டிப்படுத்துகிறார்கள். சூளையில் வெந்த பிறகு அதன் சுருதி அவ்வளவுதான், பெரிதாக மாற்ற முடியாது. அதனால்தான் கட வித்வான்கள் ஒன்றுக்கு நாலாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடம் செய்ததற்காகவே இந்த ஊர் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது தெரியுமா? பானையை மேடையேற்றியவர்கள் நாம் மட்டுமில்லை. அமெரிக்காவின் தெற்கே மெம்பிஸ் ஊரில் 1920-களில் சாராய ஜாடியின் வாயில் ஊதியே பாட்டுக் குழு நடத்தினார்கள். அவர்கள் ஊதினார்கள், நாம் தட்டினோம்! கட வித்வான் விக்கு விநாயக்ராம் தட்டிய தட்டு 1992-ல் கிராமி மேடை வரைக்கும் கேட்டது.

மதுரையில் ராத்திரி எத்தனை மணிக்குப் போய் இறங்கினாலும் இட்லி உண்டு. கடல்பாசியும் நன்னாரியும் போட்ட ஜிகர்தண்டாவும் உண்டு. கச்சேரி மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஏதாவது ஒரு கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு மாட்டினால் யோகம். 1960-களில் பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள் ‘பாவலர் பிரதர்ஸ்’ என்ற பெயரில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பொதுக்கூட்டங்களில் பாடித் திரிந்தார்கள். அதில் ஒரு தம்பிதான் இளையராஜா! இன்னொரு தம்பி கங்கை அமரன். அவர் 1989-ல் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ எதைப் பற்றியது? ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஒரு கோஷ்டியைப் பற்றி! தள்ளினால்தான் நகரும் சொப்பன சுந்தரியின் கார்தான் நம் சினிமாவின் முதல் தரக் கேரவன் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இனி நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை, ஸ்ரீநகரில் தொடங்கிய 44-ம் எண் சாலை. விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. கோவில்பட்டியில் கடலை மிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ரெண்டு கிலோவாவது வாங்குங்கள், திரும்புகிற வழியில் கடை பூட்டியிருக்கலாம்.

திருநெல்வேலி வந்தாயிற்று. நெல்லையப்பர் கோயிலில் ஒரே கல்லில் நடுவே ஒரு பெரிய தூண், சுற்றிலும் சின்னச் சின்னத் தூண்கள். அவற்றைத் தட்டினால் வேறு வேறு ஸ்வரம் வரும் என்பது தெரியுமா? சுசீந்திரத்திலும் இப்படி உண்டு. ஆழ்வார்திருநகரியிலோ கல்லிலேயே நாதஸ்வரம்! ஆசைக்காக நீங்களும் தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டியே கற்கள் தேய்ந்திருக்கின்றன. கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை, சாயங்காலம்தான் திறப்பார்கள். சம்பா கோதுமையை அரைத்துப் பால் எடுத்து, நெய் கக்கும் வரை கிண்டிய அல்வா சீக்கிரமே தீர்ந்துவிடும். அந்த ரத வீதியில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. டிரைவரை ஜங்ஷன் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு, வேகமாக ஓடுகிற நண்பர் ஒருவரை முதலில் வரிசைக்கு அனுப்பிவிடுங்கள்.