செலியாக் நோய்: வழக்கமான எண்டோஸ்கோபியில் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், ரத்தசோகை போன்ற காரணங்களுக்காக ஏராளமானோர் எண்டோஸ்கோபி செய்துகொள்கின்றனர். இரைப்பையில் புண் இல்லை என்றதும் நிம்மதியுடன் வீடு திரும்புகின்றனர். ஆனால், அதே கருவி சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் எட்டக்கூடியது. அங்கிருந்து திசு மாதிரி எடுத்தால், பல ஆண்டுகளாக மறைந்திருக்கும் செலியாக் நோய் வெளிப்படலாம்.

செலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக, மரபணு ரீதியாக வாய்ப்புள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் செயல்படுவதே இந்நோய். இதனால் சத்துகளை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிடுகின்றன. வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. மாத்திரைகளால் குணமாகாத ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை மட்டுமே அறிகுறிகளாக இருக்கலாம்.

வட இந்தியாவில் அதிகம்

நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்தப்பட்டு 2016-ம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 10,000 பேரில் வட இந்தியாவில் சுமார் 85 பேருக்கும், வடகிழக்கில் சுமார் 47 பேருக்கும், தென்னிந்தியாவில் ஏறக்குறைய ஒருவருக்கும் இந்நோய் இருந்தது. நோய்க்கு வழிவகுக்கும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டன; கோதுமை உண்ணும் அளவில்தான் பெரும் வேறுபாடு இருந்தது.

கண்ணுக்குத் தெரிவது போதாது

சிறுகுடல் மடிப்புகள் குறைதல், அவற்றின் விளிம்புகள் ரம்பப் பற்கள் போல் வெட்டுப்படுதல், உட்பரப்பில் வெடிப்புக் கோடுகள் தோன்றுதல் ஆகியவை எண்டோஸ்கோபியில் தென்படும் அடையாளங்கள். எனினும், குடல் இயல்பாகத் தோன்றினாலும் நோய் இருக்கலாம். பாதிப்பு ஆங்காங்கே திட்டுத்திட்டாகவும் அமையலாம். எனவே, சந்தேகம் உள்ளவர்களுக்கு முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு, அதைக் கடந்த பகுதியில் குறைந்தது நான்கு எனத் திசு மாதிரிகள் எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. இதற்குச் சில நிமிடங்களே கூடுதலாகத் தேவைப்படும்.

ஜியார்டியா தொற்று உள்ளிட்ட வேறு காரணங்களாலும் குடலுறிஞ்சிகள் சேதமடையலாம் என்பதால், ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்து நோய் உறுதிப்படுத்தப்படுகிறது.

முன்கூட்டியே நிறுத்தக் கூடாது

பரிசோதனைக்கு முன்பே கோதுமையைக் கைவிட்டால் குடல் ஆறத் தொடங்கி, எதிர்ப்பொருள் அளவும் குறைந்து, முடிவு தவறாக வரக்கூடும். நோய் உறுதியான பிறகு, வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. சப்பாத்தி, பரோட்டா மட்டுமின்றி ரவை, சேமியா, கோதுமை மாவு கலந்த பெருங்காயம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. அரைக்கும்போது கோதுமை கலக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

காரணம் புரியாத ரத்தசோகைக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்வோர், சிறுகுடலில் திசு மாதிரி எடுப்பது அவசியமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.